கதவா, பரிசோதகரா, நடத்துநரா? சென்னைப் புறநகர்ப் பயணத்துக்கு எந்தக் கட்டண முறை பொருந்தும்

சென்னையில் வேலைக்குப் போகிற ஒருவர் ஒரே நாளில் மூன்று விதமாகக் கட்டணம் செலுத்த நேரிடுகிறது. மெட்ரோவில் டிக்கெட் இல்லாதவருக்குக் கதவு திறக்காது. மாநகர பஸ்ஸில் நடத்துநர் கேட்டு வாங்குகிறார். மின்சார ரயிலிலும் பறக்கும் ரயிலிலும் யாரும் தடுப்பதில்லை. நேராக நடந்து போய் ஏறிவிடலாம், என்றாவது ஒரு நாள் படிக்கட்டின் அடியில் பரிசோதகர் நிற்பார். மூன்றும் தனித்தனி நிறுவனங்களின் கையில் இருந்தவரை இது யாருக்கும் பெரிய கேள்வியாகத் தோன்றவில்லை.

இப்போது நிலைமை மாறுகிறது. பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்கும் திட்டத்துக்கு 2025-ல் ரயில்வே வாரியம் கொள்கையளவில் ஒப்புதல் தந்துவிட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமான ‘கும்டா’, பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே கியூஆர் டிக்கெட் தரும் ‘சென்னை ஒன்’ செயலியைக் கொண்டுவந்தது. டிக்கெட் ஒன்றாகிவிட்டால், அதைச் சரிபார்க்கும் முறையும் ஒன்றாக வேண்டுமா என்ற கேள்வி அடுத்து வந்து நிற்கிறது.

எல்லா நிலையங்களிலும் கதவு போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்பதுதான் அதிகம் கேட்கிற பதில். அதில் எனக்குப் பாதி உடன்பாடு. தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலுக்குக் கதவு வேண்டும். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு போன்ற தரைப் பாதைகளுக்குக் கதவு கூடாது. அங்கே திடீர்ப் பரிசோதனையே தொடரட்டும், ஆனால் இப்போது நடக்கிற விதத்தில் அல்ல. பஸ்ஸில் நடத்துநரை எடுக்கவே கூடாது. ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கதவின் பலமும் அதன் விலையும்

சென்னை மெட்ரோ 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் பாதையில் தொடங்கியதிலிருந்தே நுழைவிலும் வெளியேற்றத்திலும் தானியங்கிக் கதவுகள் இருக்கின்றன. கியூஆர் டிக்கெட்டாக இருந்தாலும், சிங்காரச் சென்னை பயண அட்டையாக இருந்தாலும் காட்டினால்தான் வழி. இதன் முதல் நன்மை பணத்தைப் பற்றியது அல்ல, மரியாதையைப் பற்றியது. கதவு யாருடைய சட்டையையும் செருப்பையும் பார்ப்பதில்லை. கூட்டத்தில் ஒருவரை மட்டும் நிறுத்தி எல்லோர் முன்னிலையிலும் விசாரிப்பதில்லை. எல்லோரையும் ஒரே கேள்வி கேட்கிறது. இரண்டாவது நன்மை, எந்த நிலையத்தில் எத்தனை பேர் ஏறினார்கள், எங்கே இறங்கினார்கள் என்ற கணக்கு தானாகச் சேர்ந்துவிடுகிறது. எந்த நேரத்தில் கூடுதல் ரயில் விட வேண்டும் என்று முடிவு செய்ய இதைவிட நல்ல தகவல் கிடையாது.

ஆனால் கதவு வைத்துவிட்டால் கட்டணம் ஏய்ப்பு ஒழிந்துவிடும் என்று நம்புவோர் நியூயார்க்கைப் பார்க்க வேண்டும். அந்த நகரத்தின் போக்குவரத்து ஆணையம் அமைத்த குழு 2023-ல் தந்த அறிக்கையின்படி, 2022-ம் ஆண்டில் கட்டண ஏய்ப்பாலும் சுங்க ஏய்ப்பாலும் ஏற்பட்ட இழப்பு 69 கோடி டாலர். அதில் சுரங்க ரயிலில் மட்டும் 28.5 கோடி டாலர். அங்கே நிலையத்துக்கு நிலையம் சுழல் தடுப்பு இருக்கிறது. அதைத் தாண்டிக் குதிக்கிறார்கள், அவசர வழியை ஒருவர் திறந்து விட்டால் அதன் வழியே பலர் நுழைகிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஊழியர் நிற்காவிட்டால் கதவு வெறும் தடைதான். ஊழியரும் வேண்டும், இயந்திரமும் வேண்டும், பழுது பார்ப்பவரும் வேண்டும் என்றால் கதவு மலிவான வழி அல்ல.

தரைப் பாதையில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மாம்பலம் நிலையத்தை மாலை ஆறரை மணிக்குப் பாருங்கள். ரங்கநாதன் தெரு முடிகிற இடத்தில் படிக்கட்டு தொடங்குகிறது. அதில் ஏறுபவர்கள் எல்லோரும் ரயிலுக்குப் போகிறவர்கள் அல்ல. பாதிப் பேர் கையில் துணிக்கடைப் பையோடு மேற்கு மாம்பலத்துக்கு நடந்து வீடு திரும்புகிறவர்கள். 2023 மே மாதம் தியாகராய நகர் பஸ் நிலையத்தோடு இணைக்கும் ஆகாய நடைபாலம் திறக்கப்பட்ட பிறகு, பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே நிலையத்துக்குள் வருகிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள். ரயில் பயணி, கடைக்கு வந்தவர், தண்டவாளத்தைக் கடந்து மறுபக்கம் போக வேண்டியவர் ஆகிய மூவரும் ஒரே படிக்கட்டில் தோளோடு தோள் உரசிப் போகிறார்கள். தாம்பரத்தில் கிழக்கும் மேற்கும் இணைவதும் இப்படித்தான். இந்தப் பாதையில் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. நிலையத்தைச் சுற்றியே ஊர் வளர்ந்தது. இரண்டு பக்கமும் வாழ்கிற மக்களுக்கு அது நிலையம் மட்டுமல்ல, பாலமும்கூட.

இங்கே கதவை எங்கே வைப்பது? படிக்கட்டின் தொடக்கத்தில் வைத்தால் ஊரை இரண்டாக வெட்டுகிறோம். நடைமேடையில் இறங்கும் படிகளில் வைத்தால் ஒவ்வொரு படிக்கட்டுக்கும் தனிக் கதவு வரிசை வேண்டும், அதற்கு அகலம் இல்லை. அதையும் மீறி வைத்தாலும், நடைமேடையின் இரு முனைகளும் சரிவாக இறங்கித் தண்டவாளத்தோடு சேர்கின்றன. கதவில் வரிசை நீண்டால், அவசரக்காரர் அந்த முனை வழியே இறங்கித் தண்டவாளத்தைக் கடந்து போவார். தண்டவாளத்தைக் கடக்கிறவர்கள் அடிபட்டு இறக்கும் செய்தி இன்னும் நின்றபாடில்லாத ஒரு பாதையில், ஐந்து ரூபாயைக் காப்பாற்றப் போய் இன்னும் சிலரைத் தண்டவாளத்தில் இறக்கிவிடும் முறையை நான் ஏற்க மாட்டேன்.

வரிசை நீளுமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கதவு நிமிடத்துக்குச் சுமார் 30 பேரை விடும் என்று வைத்துக்கொள்வோம். 12 பெட்டி மின்சார ரயில் ஒன்று கிண்டியில் 600 பேரை இறக்குகிறது என்றும், வெளியேறும் திசையில் பத்துக் கதவுகள் இருக்கின்றன என்றும் எடுத்துக்கொண்டால், கடைசி ஆள் வெளியே வர இரண்டு நிமிடம். எதிர்த்திசையிலும் ஒரு ரயில் அதே நேரம் வந்துவிட்டால் நான்கு நிமிடம். அதற்குள் அடுத்த ரயில் வந்துவிடும். பத்துக் கதவுகளும் பழுதில்லாமல் வேலை செய்யும், யாருடைய செல்போன் திரையும் மங்கலாக இருக்காது என்ற நல்ல நாளின் கணக்கு இது. மழை நாளில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பறக்கும் ரயிலுக்குப் பொருந்துவது எதனால்

பறக்கும் ரயிலின் உடலமைப்பு வேறு. கடற்கரையிலிருந்து பார்க் டவுன் வரை தரையில் போகும் பாதை, அதன் பிறகு வேளச்சேரி வரை தூண்களின் மேல் போகிறது. 1995-ல் சேப்பாக்கம் வரையிலும், 1997-ல் திருமயிலை வரையிலும், 2007-ல் வேளச்சேரி வரையிலும் படிப்படியாகத் திறக்கப்பட்ட நிலையங்கள் இவை. நடைமேடைக்குப் போக வேண்டும் என்றால் கீழே உள்ள கூடத்தைக் கடந்துதான் ஏற வேண்டும். பக்கவாட்டில் நழுவ வழியில்லை. இந்தக் கூடங்கள் தேவைக்கு அதிகமாகவே பெரியவை. கதவு வரிசைக்கு இடம் தேட வேண்டியதே இல்லை.

இந்தக் கூடங்களின் வெறுமைதான் பறக்கும் ரயிலின் பழைய நோய். இரவு எட்டு மணிக்கு மேல் இறங்குகிற பெண்களுக்கு, வெளிச்சம் குறைந்த அந்தப் பெரிய தளத்தைத் தனியே கடந்து தெருவுக்கு வருவதுதான் பயணத்தின் கடினமான பகுதி. கதவு வந்தால் பயணிகள் எல்லோரும் ஒரே இடத்தின் வழியே போவார்கள், அங்கே வெளிச்சம் இருக்கும், ஓர் ஊழியர் கட்டாயம் இருப்பார். பயணம் செய்யாமல் உள்ளே படுத்துக் கிடப்போர் நடைமேடை வரை வர முடியாது. கட்டண வசூலைவிட இந்த ஒரு காரணத்துக்காகவே பறக்கும் ரயிலில் கதவை ஆதரிப்பேன்.

இன்னொரு காரணம் மெட்ரோவின் இரண்டாம் கட்டம். அதன் தடங்கள் கலங்கரை விளக்கம், திருமயிலை, இந்திரா நகர் எனப் பறக்கும் ரயிலை ஒட்டியே பல இடங்களில் வருகின்றன. மெட்ரோவின் கட்டணப் பகுதியிலிருந்து வெளியே வராமலே பறக்கும் ரயிலுக்கு மாற முடிய வேண்டும் என்றால், இரண்டும் ஒரே வகைக் கதவுக்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மூடி, மறு பக்கம் திறந்து கிடந்தால் மூடியதற்கும் பொருளில்லை.

இடிக்கிற இடம் பாதையின் வடக்கு முனை. கடற்கரை, கோட்டை நிலையங்கள் தரைப் பாதைக்கும் பொதுவானவை. கும்மிடிப்பூண்டியிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ வருகிறவர் கதவே இல்லாத ஓரிடத்தில் ஏறி, கதவு உள்ள திருவல்லிக்கேணியில் இறங்குவார். அவர் கையில் இருப்பது ரயில்வே டிக்கெட். அது கவுன்ட்டரில் வாங்கிய காகிதமாக இருக்கலாம், தானியங்கி இயந்திரத்தில் எடுத்ததாக இருக்கலாம், சீசனாக இருக்கலாம். இவை எல்லாவற்றையும் அந்தக் கதவு படிக்க வேண்டும். படிக்காவிட்டால், டிக்கெட் வாங்கிய நேர்மையான பயணி கதவுக்கு உட்பக்கம் மாட்டிக்கொண்டு ஊழியரைக் கூப்பிட்டுக் கொண்டிருப்பார். தினமும் இப்படி நூறு பேர் மாட்டினால், ஊழியர் பக்கக் கதவை நிரந்தரமாகத் திறந்து வைத்துவிடுவார். பறக்கும் ரயிலில் கதவுத் திட்டம் தோற்குமானால், இந்த ஒரே இடத்தில்தான் தோற்கும்.

பரிசோதகர்: சட்டமும் கணக்கும்

தரைப் பாதைக்கு வருவோம். திறந்த நிலையமும் திடீர்ப் பரிசோதனையும் பின்தங்கிய முறை என்று பலர் நினைக்கிறார்கள். பெர்லினிலும் மற்ற ஜெர்மன் நகரங்களிலும் சுரங்க ரயில், புறநகர் ரயில் இரண்டுக்கும் இன்றுவரை கதவு இல்லை. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் 60 யூரோ கட்ட வேண்டும், அவ்வளவுதான். முறையில் குறை இல்லை. எத்தனை முறை சோதிக்கிறோம், பிடிபட்டவரிடம் எவ்வளவு வாங்குகிறோம், டிக்கெட் வாங்குவதை எவ்வளவு எளிதாக்கியிருக்கிறோம் என்ற மூன்றும் பொருந்தி வர வேண்டும்.

நம் சட்டம் இதுதான். 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 138-வது பிரிவின்படி, டிக்கெட் இல்லாதவர் பயணக் கட்டணத்தோடு குறைந்தது 250 ரூபாய் கூடுதலாகச் செலுத்த வேண்டும். ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று நிரூபணமானால் 137-வது பிரிவு வரும். அதில் ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் என்று போகும்.

10 ரூபாய்ப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிடிபட்டால் 260 ரூபாய். ஆக, 26 பயணத்தில் ஒரு முறை பிடிபடுவார் என்றால் டிக்கெட் வாங்காமல் போவதில் அவருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மாதம் 25 நாள், போக வர 50 பயணம் என்று வைத்தால், அவரை மாதத்துக்கு இரண்டு முறை சோதிக்க வேண்டும். பல லட்சம் பேர் பயணிக்கும் பாதையில் ஒவ்வொருவரையும் மாதம் இரண்டு முறை சோதிக்க எத்தனை பரிசோதகர்கள் வேண்டும்! இங்கேதான் பலரும் கணக்கை மூடிவிட்டுக் கதவுக்குத் தாவுகிறார்கள்.

ஆனால் சீசன் டிக்கெட்டைக் கணக்கில் சேர்த்தால் படம் மாறிவிடுகிறது. புறநகர் ரயிலில் மாதச் சீசனின் விலை 15 தனிப் பயணங்களின் கட்டணத்துக்குச் சமம். 2014-ல் இதை இரண்டு மடங்காக உயர்த்த முயன்று, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். 10 ரூபாய்ப் பயணத்துக்கு மாதச் சீசன் 150 ரூபாய். ஒரு முறை பிடிபட்டால் போகும் 260 ரூபாயில் ஒன்றரை மாதத்துக்கு மேல் சீசனில் போகலாம். எனவே தினசரிப் பயணியை ஏறக்குறைய ஏழு வாரத்துக்கு ஒரு முறை சோதித்தாலே போதும். சீசன் வாங்குவதுதான் லாபம் என்று அவருக்கே தெரிந்துவிடும். பரிசோதனையின் தேவை நான்கில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட இறங்கிவிட்டது. ஒரு பரிசோதகரைக்கூடக் கூட்டாமல், ஒரு கதவைக்கூட வாங்காமல் இதைச் சாதிக்க முடியும்.

அப்படியானால் முதல் வேலை, தினமும் பயணித்தும் சீசன் எடுக்காதவர்களை அதை எடுக்கவைப்பது. மாதத் தொடக்கத்தில் 150 ரூபாயை மொத்தமாகக் கொடுக்க முடியாத கூலித் தொழிலாளிக்கு வாரச் சீசன் ஒன்று இருந்தால் அவரும் வாங்குவார். பிடிபட்டவரிடம் 260 ரூபாய் வாங்கும்போதே, “இன்றே சீசன் எடுத்தால் இதில் ஒரு பகுதி அதில் கழியும்” என்று ஒரு வழி திறந்து வைத்தால், தண்டனை பெற்றவர் அடுத்த நாளே பயணியாக மாறுவார். சட்டத்தில் இதற்கு இன்று இடமில்லை. ஆனால் சட்டத்தைத் திருத்துவது ஐம்பது நிலையங்களை இடித்துக் கட்டுவதைவிடச் சுலபம்.

பரிசோதனை நடக்கிற விதத்தில் எனக்கு இருக்கும் குறை இது. காலை நெரிசலில் நடைமேம்பாலத்தின் படிக்கட்டு முடிகிற இடத்தில் நான்கைந்து பேர் அரைவட்டமாக நிற்கிறார்கள். கூட்டம் மேலிருந்து அழுத்துகிறது. தெரிந்தவர்கள் சீசனை உயர்த்திக் காட்டிக்கொண்டே நடக்கிறார்கள். செல்போனில் டிக்கெட் வைத்திருப்பவர் செயலி திறக்கும்வரை ஓரமாக நிற்கிறார். பேட்டரி தீர்ந்திருந்தால், பணம் கொடுத்து வாங்கியவரும் டிக்கெட் இல்லாதவர் கணக்கில்தான் வருவார். ஓடிவிடக்கூடிய இளைஞன் ஓடிவிடுகிறான். தயங்கி நிற்கும் வயதானவரும், கூடையோடு வந்த வியாபாரியும், ஊருக்குப் புதியவரும் மாட்டிக்கொள்கிறார்கள். ஏய்ப்பவரை விட்டு, தடுமாறுகிறவரைப் பிடிக்கும் பரிசோதனையால் நிர்வாகத்துக்கு அபராதம் கிடைக்கும். மக்களின் நம்பிக்கை கிடைக்காது.

இதற்கு மாற்று, ஓடும் ரயிலுக்குள்ளேயே சோதிப்பது. தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையிலும், நெரிசல் இல்லாத நண்பகலிலும் இது எளிதாக முடியும். 2025 ஏப்ரலில் தொடங்கிய ஏசி மின்சார ரயிலுக்கு இது கட்டாயமும்கூட; 35 ரூபாயில் தொடங்கும் அதன் கட்டணத்தையும் சாதாரண ரயிலின் 5 ரூபாய்க் கட்டணத்தையும் நிலையத்தின் வாசலில் எந்தக் கதவாலும் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே நடைமேடைக்குத்தான் வருகின்றன.

செல்போன் டிக்கெட்டைப் பொறுத்தவரை ரயில்வே ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறது. எழும்பூர் – தாம்பரம் இடையே 2015 ஏப்ரலில் காகிதமில்லா டிக்கெட் வந்தபோதே, தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்று அதை எடுக்க முடியாதபடி எல்லை வைத்தார்கள். பரிசோதகரைப் பார்த்ததும் சட்டென்று டிக்கெட் எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாடு அது. கதவு இல்லாத நிலையத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வேலி. நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியைப் படித்து உள்ளேயே எடுக்கும் வசதியும் பிறகு வந்தது. திறந்த முறையை இப்படித்தான் மெருகேற்ற வேண்டும்.

அபராதத் தொகையைச் சாதனையாகக் கொண்டாடும் பழக்கமும் மாற வேண்டும். 2023-ல் தெற்கு ரயில்வேயின் பெண் தலைமை டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஓராண்டில் 1 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் வசூலித்ததை ரயில்வே அமைச்சகம் பாராட்டி வெளியிட்டது. அவருடைய கடின உழைப்பை நானும் வணங்குகிறேன். ஆனால் நிர்வாகம் தன்னை அளந்துகொள்ள அது சரியான அளவுகோல் அல்ல. பரிசோதனை உண்மையில் வேலை செய்தால், ஆண்டுக்கு ஆண்டு அபராதம் குறைய வேண்டும். சோதித்த நூறு பேரில் எத்தனை பேரிடம் டிக்கெட் இருந்தது என்பதுதான் சொல்லப்பட வேண்டிய எண். அதை அளந்தால், பரிசோதகர் எளிதில் பிடிபடுகிறவரைத் தேடிப் போக மாட்டார். வரிசையில் வரும் எல்லோரையும் சமமாகச் சோதிப்பார்.

ஜெர்மனியின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கே டிக்கெட் இல்லாப் பயணம் குற்றவியல் சட்டத்தின் கீழ் வருகிறது. அபராதத்தைக் கட்ட முடியாத ஏழைகள் அதற்குப் பதிலாகச் சிறைக்குப் போவது அங்கே நெடுநாள் விவாதம். நம் 138-வது பிரிவிலும் அந்த முள் இருக்கிறது. கட்டத் தவறியவருக்கு நீதித்துறை நடுவர் பத்து நாளுக்குக் குறையாமல் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். அதே சட்டத்தின் 139-வது பிரிவு இதைவிடக் கனிவானது. டிக்கெட் இல்லை என்பதற்காகத் தனியே பயணிக்கும் பெண்ணையோ குழந்தையையோ கண்ட நிலையத்தில் இறக்கிவிட முடியாது. புறப்பட்ட நிலையம், சந்திப்பு, முனையம், மாவட்டத் தலைநகர் ஆகிய இடங்களில் மட்டும், அதுவும் பகலில் மட்டும்தான் இறக்கலாம். இந்தப் பிரிவு ஒவ்வொரு நிலையத்திலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

நடத்துநரை ஏன் தொடக்கூடாது

மாநகர பஸ்ஸில் கூட்ட நேரத்தில் நடக்கிற ஒரு காட்சியை வெளியூர்க்காரர்கள் வியந்து பார்ப்பார்கள். நடத்துநர் தன் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். முன்பக்கம் ஏறியவர் பத்து ரூபாய்த் தாளை முன்னால் நிற்பவரிடம் நீட்டி, “ஒரு சைதாப்பேட்டை” என்கிறார். தாள் ஆறேழு கைகள் மாறி நடத்துநரைச் சேர்கிறது. டிக்கெட்டும் சில்லறையும் அதே கைகள் வழியாகத் திரும்பி வருகின்றன. நடுவில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. சில்லறை இல்லாவிட்டால் டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதித் தருகிறார், இறங்கும்போது வாங்கிக்கொள்கிறோம். தினமும் லட்சக்கணக்கான முறை நடக்கும் இந்தக் கைமாற்றத்துக்கு ஈடான கட்டண முறையை எந்த நிறுவனமும் விற்கவில்லை. இப்போது யுபிஐ வசதியுள்ள மின்னணு டிக்கெட் கருவியும் கைக்கு வந்துவிட்டதால் சில்லறைத் தகராறும் குறைந்திருக்கிறது.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதனை உண்மையில் யாரைச் சோதிக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறியதும், டிக்கெட் இல்லாத பயணிக்கு 500 ரூபாய் வரை அபராதம் என்பது பாதிக் கதை. மீதிப் பாதி நடத்துநரின் பை. வேலை தொடங்கும்போது சொந்தப் பணம் எவ்வளவு என்று எழுதிக் காட்டியிருக்க வேண்டும். கணக்கைவிடப் பணம் குறைந்தாலும் கேள்வி, கூடினாலும் கேள்வி. ஒரு பயணி டிக்கெட் வாங்காமல் நின்றிருந்தால் நடத்துநருக்கும் விளக்கம் கேட்டு மெமோ வரும். நெரிசலில் முன்வாசலில் தொங்குகிறவரிடம் டிக்கெட் கொடுக்க முடியாமல் போனதற்கும் அவரே பொறுப்பு. இந்தச் சுமையை மின்னணுக் கருவி பாதியாவது இறக்கிவைக்க வேண்டும். எந்த நிறுத்தத்தில் எத்தனை டிக்கெட் என்பது கருவியிலேயே பதிவாகிவிடுவதால், பையைக் குடைவதை நிறுத்திவிட்டுப் பதிவைப் பார்க்கலாம்.

நடத்துநரை எடுத்துவிட்டு ஓட்டுநரே கட்டணம் பார்க்கும் முறை பல நாடுகளில் இருக்கிறது. நியூயார்க்கின் அதே அறிக்கையில் பஸ் இழப்பு 31.5 கோடி டாலர், சுரங்க ரயிலைவிட அதிகம். லண்டனில் எல்லா வாசலிலும் ஏற விட்ட நீள இணைப்புப் பஸ்கள் ஏய்ப்புக்குப் பேர்போனவை. 2011 இறுதிக்குள் அவற்றைச் சாலையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அங்கெல்லாம் கூலி அதிகம் என்பதால் இந்த இழப்பைச் சகிக்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலும் நம் நடத்துநர் விசில் அடித்துப் பஸ்ஸை நிறுத்துகிறார், படியில் நிற்பவனை உள்ளே ஏற்றுகிறார், பெண்ணிடம் தவறாக நடப்பவனை இறக்கிவிடுகிறார். டிக்கெட் கொடுப்பது அவருடைய வேலைகளில் ஒன்றுதான்.

பெண்களுக்குச் சாதாரணக் கட்டண பஸ்களில் 2021 மே 8 முதல் கட்டணம் இல்லை. அப்போதும் நடத்துநர் அவர்களுக்கு மதிப்பில்லா டிக்கெட் தருகிறார். பணம் வாங்காதபோது டிக்கெட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எத்தனை பேர் பயணித்தார்கள் என்று அரசுக்குக் கணக்குக் காட்டி, போக்குவரத்துக் கழகம் ஈட்டுத்தொகை பெற அந்தச் சீட்டுதான் ஆதாரம். எந்தத் தடத்தில் பெண்கள் அதிகம் போகிறார்கள் என்று அறியவும் அதுவே வழி. இலவசம் என்றாலும் எண்ணுவதற்கு ஒருவர் வேண்டும்.

எல்லோருக்கும் இலவசம் என்ற யோசனையையும் சிலர் வைக்கிறார்கள். லக்சம்பர்க் 2020-ல் நாடு முழுவதும் கட்டணத்தை நீக்கியது; தாலின் நகரம் 2013-லேயே தன் குடிமக்களுக்கு நீக்கியது. லக்சம்பர்க்கின் மொத்த மக்கள்தொகை நம் ஊரின் இரண்டு மூன்று மண்டலங்களுக்குச் சமம், பணமும் நிறைய. மின்சார ரயிலின் கட்டணம் ஏற்கெனவே செலவில் ஒரு பகுதியைத்தான் ஈட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அதையும் விட்டுவிட்டால், கூடுதல் ரயில் கேட்கிற உரிமையையும் சேர்த்து விட்டுவிடுகிறோம் என்பது என் அச்சம்.

கொழும்பில் இன்னும் நடக்கிற இன்னொரு வழி, வெளியேறும் வாசலில் ஊழியர் நின்று டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொள்வது. சிறிய நிலையங்களுக்கு நல்ல முறை. கிண்டிக்கும் மாம்பலத்துக்கும் ஆகாது.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

பறக்கும் ரயிலில் கதவை ஆதரிக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மின்சார ரயிலில் கட்டணம் 5 ரூபாயில் தொடங்குகிறது, மெட்ரோவில் 10 ரூபாயில். தொடக்கத்தை விடவும், தூரம் கூடக் கூட வித்தியாசம் பெரிதாகிறது. மெட்ரோவில் 15 பயண விலைக்கு மாதம் முழுதும் போகும் சீசனும் இல்லை. பறக்கும் ரயிலில் தினமும் வருகிறவர்களில் வேளச்சேரி, பெருங்குடிப் பக்கமிருந்து மந்தைவெளி, மயிலாப்பூர் வீடுகளுக்கு வேலைக்கு வரும் பெண்களும், சேப்பாக்கம் அலுவலகங்களின் கடைநிலை ஊழியர்களும், கல்லூரி மாணவர்களும் அதிகம். மெட்ரோவின் கதவோடு மெட்ரோவின் கட்டணமும் சேர்ந்து வந்தால், ஏய்ப்பவர்களை நிறுத்துவதற்கு முன்பே இவர்களை நிறுத்திவிடும்.

ஆகவே கைமாறும் ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் இருக்க வேண்டும். ரயில்வே வழங்கும் எந்த வகை டிக்கெட்டையும் பறக்கும் ரயிலின் கதவு படிக்க வேண்டும். மாதச் சீசன் இதே 15 பயண விகிதத்தில், இதே தூரத்துக்குத் தொடர வேண்டும். கதவு வைக்கும் முதல் நாளிலிருந்து, கதவுக்கு உட்பக்கம் டிக்கெட் இருந்தும் மாட்டிக்கொண்டவர்களின் எண்ணிக்கையை நிலையவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும். கோட்டையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வருகிறவர்கள் அதிகம் இறங்கும் சேப்பாக்கத்திலும் திருவல்லிக்கேணியிலும் முதலில் பரீட்சித்துப் பார்த்து, அந்த எண்ணிக்கை இறங்கிய பிறகு மற்ற நிலையங்களுக்குப் போகலாம்.